மின்சாரப் பாடத்துக்கு எது: கிட் பெட்டியா, ஃபெட் சிமுலேஷனா, ஊக்கு மோட்டாரா?

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மின்சாரமும் காந்தமும் நடத்தும் ஆசிரியருக்கு மூன்று வழிகள் உண்டு: கடையில் விற்கும் கிட், கணினித் திரையில் சோதனை செய்து பார்க்கும் ஃபெட் (PhET) சிமுலேஷன், கழிவுப் பொருளில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் பாணியில் கையில் கிடைத்த பொருளை வைத்து ஊக்கு மோட்டார் போன்றவற்றைச் செய்வது. மூன்றையும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு மூன்றாவதில் நிலைத்துவிட்டேன்.

ஃபெட் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், தமிழிலும் பல சிமுலேஷன்கள் இருக்கின்றன, ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் தேவையில்லை. கம்பிக்குள் எலெக்ட்ரான் நகர்வதைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் இணைப்பு தளராது, முனை துருப்பிடிக்காது. ஏன் எரியவில்லை என்று பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அங்கே குறைவு.

கிட் பெட்டி அழகாக இருக்கும், எல்லாம் தயாராக இருக்கும். அதன் சிக்கல் இருப்புப் பதிவேடு. பெட்டி பள்ளிக்கு வந்த அன்றே பதிவேட்டில் ஏறிவிடும். ஒரு பல்ப் உடைந்தால், ஒரு கிளிப் காணாமல் போனால், ஆடிட்டில் யார் பதில் சொல்வது? பொறுப்பு ஆசிரியர் மாறும்போது ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். அதனால் பெட்டி பீரோவுக்குள் போய்விடும். வெளியே வந்தாலும் ஆசிரியர் மேசையில் வைத்துச் செய்து காட்டுவார், பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பார்கள். இதில் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொலைந்தால் நம் கையிலிருந்து பணம் போகும் என்ற பயம் நியாயமானதுதான். தொலைந்த பாகம் தனியாகக் கடையில் கிடைக்காது என்பது அடுத்த தலைவலி.

ஊக்கு மோட்டாருக்கு இந்தப் பயமே இல்லை. ஒரு பெரிய டார்ச் செல், இரண்டு ஊக்கு, சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம், ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பியில் சுற்றிய காயில், அவ்வளவுதான். மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் மிச்சக் கம்பி தருவார்கள். உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம், குழுவுக்கு ஒன்று கொடுக்கலாம்.

பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது. காயிலின் ஒரு முனையில், மின்சாரம் கடத்தாத அந்த எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் பாதிச் சுற்றளவு மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் அரைச்சுற்றுக்கு ஒருமுறை விசை எதிர்ப்பக்கம் திருப்பும், காயில் முன்னும் பின்னும் ஆடிவிட்டு நிற்கும். பாதி சுரண்டினால் அந்த அரைச்சுற்றில் மின்சாரம் நின்றுவிடும், காயில் தன் வேகத்திலேயே தாண்டிவிடும். யாராவது ஒரு குழு எப்படியும் முழுக்கச் சுரண்டிவிடும். பக்கத்துக் குழுவின் மோட்டார் மட்டும் ஏன் சுற்றுகிறது என்று அவர்கள் எழுந்து போய்ப் பார்க்கிற நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம்.

குறையும் உண்டு. காயிலின் மின்தடை மிகக் குறைவு என்பதால் செல் சீக்கிரம் தீரும், சூடாகும். மோட்டார் சுற்றுவதைப் பார்த்ததும் காயிலை எடுத்துவிடச் சொல்லுங்கள். புதிய செல்லுக்கு வருடா வருடம் கொஞ்சம் பணமும் வேண்டும்.

ஆசிரியருக்குத் துணை என்று பார்த்தாலும் இந்த வழிதான் மேல். அரவிந்த் குப்தாவின் செய்முறைகள் படங்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய, அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் செய்முறைகள் காட்டும் வானவில் மன்றத் திட்டத்தின் கருத்தாளர்கள் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் செய்முறைகளோடு வருகிறார்கள். வரும்போது உடன் நின்று கற்றுக்கொள்ளலாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒருவர் செய்த மோட்டாரை அடுத்தவர் கையில் வாங்கிப் பார்த்தாலே போதும், மறுநாள் அவர் வகுப்பில் அது ஓடும்.

ஒன்பதுக்கு மேல் நான் அதிகம் எடுத்ததில்லை, அங்கே அழுத்திச் சொல்ல மாட்டேன். ஓம் விதிக்கு அளந்து கிராஃப் போட நல்ல அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் வாங்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் மட்டும், பதிவேடு இருந்தாலும், என் ஓட்டு கிட்டுக்கே.