விற்கும்போது தமிழ், கேட்கப் போனால் இந்தி: 74,500 ரூபாய் போன கதை

மும்பையில் ஸ்மார்ட் சைக்கிள், ட்ரெட்மில் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் கார்டைத் தேய்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று ராத்திரிதான் அந்தக் கடைக்குக் கடைசியாகப் போய்க் கத்திவிட்டு வந்தேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்து முன்னப்பின்ன இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயர், கம்பெனிப் பெயர் இரண்டையும் எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். புறநகரில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ட்ரெட்மில்களை வரிசையாக நிறுத்தி, பல பிராண்டுகளை ஒரே கூரைக்குக் கீழே விற்கிற கடை. எந்த பிராண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு முழங்கால் வலி. ஹார்பர் லைனில் தினமும் போய் வந்து, ஸ்டேஷன் படிக்கட்டிலேயே தேய்ந்த கால். நடப்பதைவிடச் சைக்கிள் மிதிப்பது மூட்டுக்குச் சுமை குறைவு என்று டாக்டர் சொன்னார். செம்பூரில் எங்கள் பில்டிங் பழசு, ட்ரெட்மில் போட்டால் கீழ்வீட்டு ஆஜி (மராத்திப் பாட்டி) முதல் நாளே மேலே வந்துவிடுவார். மழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை வெளியே நடக்கவும் வழியில்லை. சரி, சைக்கிள் என்று முடிவு செய்தோம். வெறும் சைக்கிள் வாங்கினால் பத்து நாளில் சலித்துவிடும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும், அதனால்தான் திரையில் ஒருவர் கூடவே மிதித்து, நம் கணக்கு எல்லாம் பதிவாகிற 'கனெக்டட்' வகையைத் தேடினேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மூன்று வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஆபீசில் ஒருத்தி பெலோட்டான், பெலோட்டான் என்றாள், அமெரிக்கக் கம்பெனியின் திரை வைத்த சைக்கிள். அது இங்கே முறையாக விற்பனையிலேயே இல்லை, யாரிடமாவது சொல்லி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் சர்வீஸுக்கு யார் வருவார்? அது போக, அமெரிக்காவிலேயே சைக்கிள் விலை கொடுத்த பிறகும் வகுப்புகளுக்கு மாதக் கட்டணம் தனி, 2022-ல் அதை 44 டாலர் ஆக்கினார்கள். அதைப் படித்ததும்தான் இந்தத் தொழிலில் சைக்கிள் விலை முதல் தவணை மாதிரி, நிஜ வியாபாரம் மாதச் சந்தாவில் இருக்கிறது என்று புரிந்தது. புரிந்தும் ஏமாந்தேன், அது வேறு.

இங்கே கிடைப்பதில் மூன்று பிராண்டுகளைத் தேர்ந்தெடுத்து, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ரெசிஸ்டன்ஸ் (மிதிப்பதைக் கடினமாக்குகிற எதிர்ப்பு) காந்தத்தில் வேலை செய்கிறதா, இல்லை சக்கரத்தில் ஒரு பட்டை உரசுகிறதா (உரசுகிற பட்டை தேயும், மாற்ற வேண்டும்). செயினா, பெல்ட்டா (பெல்ட் சத்தம் போடாது). எல்லாவற்றையும்விட முக்கியமாக, வேறு கம்பெனி ஆப்போடு பேசுமா. ப்ளூடூத்தில் எஃப்டிஎம்எஸ் என்று உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஒரு பொது முறை இருக்கிறது. அது சரியாக இருக்கிற சைக்கிள், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, எவ்வளவு சக்தி என்கிற கணக்கை எந்த ஆப் கேட்டாலும் சொல்லும். ஸ்விஃப்ட் (கார் இல்லை, சைக்கிள் ஆப்), கினோமேப் எல்லாம் அப்படித்தான் வேலை செய்கின்றன. அது இல்லாவிட்டால் கம்பெனி கேட்கிற சந்தாவைக் கட்டு, இல்லை சும்மா மிதி.

இந்தத் தாளோடுதான் கடைக்குப் போனேன். கேட்டதற்கெல்லாம் ஆம் ஆம் என்று தலையாட்டிய முதல் ஆளை நான் நம்பவில்லை, கிளம்பப் பார்த்தேன். கதவருகே நின்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும், நெற்றியில் திருநீறு.

"அக்கா, நீங்க திருநெல்வேலி பக்கமா? பேச்சுல தெரியுது. நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம்."

நான் தென்காசி. இந்த ஊரில் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், ஒரு கடைக்காரன் என் ஊர்ப் பேச்சில் என்னைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான், கட்டிங் சாயா வரவழைத்தான், என் காலண்டர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தான். "அக்கா நல்லா விவரமா வந்திருக்கீங்க" என்றான். நான் எழுதி வைத்திருந்த மூன்று பிராண்டில் ஒன்றுக்குச் சர்வீஸ் சரியில்லை, இன்னொன்றுக்கு ஸ்பேர் வராது என்று அவனே அடித்துவிட்டு, தாளில் இல்லாத நாலாவதைக் காட்டினான். "நம்ம ஊர்க்காரவுகளுக்கு நான் தப்பான பொருள் குடுப்பேனாக்கா?"

எஃப்டிஎம்எஸ் கேட்டேன். "ப்ளூடூத் இருக்குக்கா, எல்லா ஆப்பும் ஓடும்" என்று சொல்லிவிட்டு, தன் போனில் ஒரு ஆப்பைத் திறந்து, டெமோ சைக்கிளில் என்னை ஏறி மிதிக்கச் சொன்னான். மிதிக்க மிதிக்கப் போனில் எண் 60, 72, 80 என்று ஏறியது. என் கண்ணால் பார்த்தேன். மிதிகட்டைத் தண்டில் ரப்பர் வளையத்தால் கட்டின, சப்போட்டாக் கொட்டை அளவில் ஒரு கறுப்பு வில்லை இருந்தது. இது என்ன தம்பி என்றேன். "சேஃப்டி கிளிப்புக்கா." அது தனியாக விற்கிற சுற்று எண்ணும் சென்சார். சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, அதை எந்த ஓட்டைச் சைக்கிளில் கட்டினாலும் போனில் எண் ஏறும். இது எனக்குத் தெரிய ஒன்றரை மாதம் ஆனது.

கம்பெனியின் சொந்த ஆப் மூன்று வருஷம் இலவசம் என்றான். எழுதிக் கொடு என்றதும் யோசிக்கவே இல்லை, விசிட்டிங் கார்டின் பின்னால் '3 வருஷம் ஆப் ஃப்ரீ' என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டான். எனக்கு உருகிவிட்டது. 74,500 ரூபாய், ஒன்பது மாதத் தவணை. வட்டியில்லாத் தவணை என்றார்கள், ஆனால் பேங்க் கணக்கில் வட்டி உண்டு, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று கார்டு ஸ்டேட்மெண்டில் தனியாக வருகிறது, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. விடுங்கள், அந்தச் சில்லறைக்கு அழ இப்போது நேரமில்லை.

டெலிவரிக்கு வந்த பையன்கள் மழையில் நனைந்தே வந்தார்கள், பாவம், லிஃப்டில் நுழையாமல் மூன்று மாடி தூக்கினார்கள். பூட்டி முடித்ததும் "அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எல்லாம் எடுத்துட்டுப் போறோம், வீட்ல எதுக்கு அடைசல்" என்ற அர்த்தத்தில் மராத்தியும் இந்தியுமாகச் சொல்லிவிட்டு எடுத்துப் போனார்கள். நான் நன்றி வேறு சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது நாள் அருமையாக ஓடியது. பொய் சொல்லக் கூடாது, கால் வலிகூடக் கொஞ்சம் குறைந்தது. முப்பத்தோராம் நாள் காலை ஐந்தரை மணிக்கு ஏறி உட்கார்ந்தால் திரையில் 'மாதம் 1,499 ரூபாய் செலுத்தித் தொடரவும்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம். அதை மூடவும் வழியில்லை. வகுப்பு வேண்டாம், எத்தனை சுற்று மிதிக்கிறேன் என்றாவது காட்டு என்றால் அதுவும் காட்டாது. வேறு ஆப் போட்டுப் பார்த்தேன், எந்த ஆப்புக்கும் சைக்கிள் இருப்பதே தெரியவில்லை. போனின் ப்ளூடூத் பட்டியலில் மட்டும் சைக்கிள் பெயர் வந்தது, பக்கத்தில் ஹெட்போன் படம். அவன் சொன்ன ப்ளூடூத் பாட்டுக் கேட்கிற ப்ளூடூத். 74,500 ரூபாய்க்கு நான் வாங்கியது மிதிகட்டை வைத்த ஸ்பீக்கர்.

அவனைக் கூப்பிட்டேன். முதல் தடவை, "அப்டேட் வருதுக்கா, ரெண்டு நாள் பொறுங்க." ரெண்டு நாள் கழித்து, "உங்க வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கும்க்கா, 2.4-க்கு மாத்துங்க." மாற்றினேன். அதற்கப்புறம் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் நம்பரிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தான். என் குரல் கேட்டதும், சத்தியமாகச் சொல்கிறேன், இந்திக்கு மாறினான். "மேடம், யே கம்பெனி கா மேட்டர் ஹை, ஆப் கஸ்டமர் கேர் மே பாத் கர் லீஜியே." அதாவது இது கம்பெனி விஷயம், கஸ்டமர் கேரில் பேசிக்கொள்ளுங்கள். தம்பி, நான் தென்காசி அக்கா பேசறேன் என்றேன். "ஹா(ன்) மேடம், போலியே", சொல்லுங்க மேடம் என்கிறான். அக்கா போய் மேடம் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பணம் போனதைவிட அதிகமாக வலித்தது, அதற்காக வெட்கப்படவும் செய்கிறேன்.

கஸ்டமர் கேரில் டிக்கெட் போட்டார்கள். 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று அவர்களே மூடினார்கள், என் போனில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. மறுபடி போட்டதும் ஒரு டெக்னீஷியன் வந்தார். சீட் திருகாணியை இறுக்கினார், ஒரு போட்டோ எடுத்தார், "வந்துட்டுப் போனதுக்கு ஓடிபி சொல்லுங்க" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் 'உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்துவிட்டது.

நேற்று கடைக்கே போனேன். முதலாளி கல்லாவை விட்டு எழவே இல்லை. விசிட்டிங் கார்டைக் காட்டினேன். இது பில் இல்லையே என்றார். பில்லைக் காட்டினேன். அதில் 'எக்ஸர்சைஸ் பைக் – 1' என்றுதான் இருக்கிறது, மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை, அதையும் நேற்றுதான் கவனிக்கிறேன். சரி, பொருளை எடுத்துக்கொண்டு என் 74,500 ரூபாயைக் கொடுங்கள் என்றேன். "ஒரிஜினல் பேக்கிங் கொண்டு வாங்க மேடம், பார்க்கலாம்." அந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல்! உங்கள் ஆட்கள்தானே எடுத்துப்போனார்கள் என்று கத்தினேன், அது இந்நேரம் ஏதாவது ரத்திவாலா (பழைய பேப்பர்) கடையில் இருக்கும். அந்தப் பையன் உள்ளே ஒரு குஜராத்தி தம்பதிக்கு ட்ரெட்மில் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி திரும்பினான்.

ராத்திரி தூக்கம் வராமல் படித்ததில் ஒன்று தெரிந்தது, பெரிய கம்பெனிகளும் இதில் யோக்கியம் இல்லை. அமெரிக்காவில் எக்கெலான் என்கிற உடற்பயிற்சி சைக்கிள் கம்பெனி 2025 ஜூலையில் ஒரு அப்டேட் அனுப்பியது, அதற்குப் பிறகு மிஷின் ஆன் ஆகும்போதே கம்பெனி சர்வரைக் கேட்க வேண்டும் என்றாகி, வெளி ஆப் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். லுலுலெமன் என்கிற உடைக் கம்பெனி 2020-ல் 50 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மிரர் என்கிற, திரையாகவும் வேலை செய்கிற உடற்பயிற்சிச் சுவர்க் கண்ணாடியின் விற்பனையை 2023-லேயே நிறுத்திவிட்டது. அத்தனை பணம் போட்டவனே மூன்று வருஷத்தில் கைகழுவினால், நமக்கு மூன்று வருஷம் ஆப் ஃப்ரீ என்று கார்டில் எழுதித் தருகிறவன் எந்த மூலை?

தேர்ந்தெடுப்பது பற்றி விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பு இல்லை, ஆபீசுக்கும் நேரமாகிவிட்டது. நாலு வார்த்தை மட்டும். சந்தா கட்டாவிட்டால் திரையில் என்ன தெரியும் என்று கடையிலேயே லாக் அவுட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். வேறு ஆப்பை உங்கள் போனில் போட்டு, மிதிகட்டைத் தண்டில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மிதியுங்கள். ஃப்ரீ என்று சொல்வதெல்லாம் மாடல், சீரியல் நம்பரோடு பில்லில் வர வேண்டும். பெட்டியைக் கொடுக்காதீர்கள். வேலை முடியாமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், நானும் பதிவு செய்திருக்கிறேன். அதிலும் நடக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கார்டு பேங்கிலும் தகராறு படிவம் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை, இன்னும் ஏழு தவணை பாக்கி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையன் நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது, எல்லோருக்கும் மொத்தமாக அனுப்புகிறது போலிருக்கிறது. "அக்கா வணக்கம், கணபதி ஸ்பெஷல், ட்ரெட்மில்லுக்கு 30% தள்ளுபடி, நம்ம ஊர்க்காரவுகளுக்கு மட்டும்." அவன் எழுதிக் கொடுத்த விசிட்டிங் கார்டைப் போட்டோ எடுத்து, கீழே 74,500 என்று மட்டும் போட்டு அனுப்பினேன். நீல டிக் விழுந்து இருபது நிமிஷம் ஆகிறது.