பொற்கோயில் படம் போட்ட "சுவர் அலங்காரம்": வாங்கியவள் எழுதும் விமர்சனம்

எங்கள் மேல்மாடியில் பதினாறு ஆண்டுகள் குடியிருந்த சீக்கியக் குடும்பம், திலக் நகரில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போனது. அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் பீஜி என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படித்தான். என் மகள் பிறந்தபோது ஊரிலிருந்து அம்மாவால் தில்லிக்கு வர முடியவில்லை. நாற்பது நாளும் நெய் மணக்கும் பஞ்சீரி என்ற மாவு இனிப்பைக் கிண்டிக் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். புதுவீட்டுக்கு வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

இணையக் கடையொன்றில் தேடினேன். பெயர் வேண்டாம், பெரிய கடைதான். "சுவர் அலங்காரம்" பிரிவில், இரவு வெளிச்சத்தில் மின்னும் ஹர்மந்திர் சாஹிபின், அதாவது அமிர்தசரஸ் பொற்கோயிலின் படம் கிடைத்தது. தலைப்பில் "இந்திய அரண்மனைக் கலை" என்று போட்டிருந்தார்கள். அரண்மனை என்ற சொல்லைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். 649 ரூபாய் கட்டினேன். நான்காம் நாள் பார்சல் வந்தது.

பிரித்ததும் ரப்பர் வாடை அடித்தது. அச்சு மிகத் துல்லியம். குளத்து நீரில் விழும் பொன்னிற நிழல், கோயிலுக்குப் போகும் நடைபாலம், அதன் ஓரத்து விளக்குகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு ரப்பர், வழுக்காமல் இருக்கச் சிறு சிறு குமிழ்கள். ஓரத்தில் தைத்திருந்த துணித்துண்டில், வாசலில் போடலாம், ஈரம் உறிஞ்சும், சேறு ஒட்டினால் கழுவலாம் என்று அச்சிட்டிருந்தது. நான் வாங்கியிருந்தது கால்மிதி. வாசலில் விரித்தால், செருப்பு தேய்க்கும் இடத்தில் சரியாக அந்த நடைபாலம் வரும்.

அமிர்தசரஸுக்குப் பீஜியோடு ஒருமுறை போயிருக்கிறேன். செருப்பை வெளியே ஒப்படைத்து, தலையை மூடிக்கொண்டு நடந்தால், வாசலில் ஆழமில்லாத ஒரு நீர்த்தொட்டி வருகிறது. அதில் கால் நனைத்துத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். அதன்பின் படியேறுவதில்லை, இறங்குகிறோம். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தாழ இறங்கித்தான் உள்ளே வர வேண்டும் என்று பீஜி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சீக்கியர்களின் ஐந்தாம் குருவான அர்ஜன், அவர்களுடைய புனித நூலான ஆதி கிரந்தத்தை 1604இல் வைத்த இடம் அது. காலைக் கழுவிவிட்டு நுழையும் இடத்தைக் கால் துடைக்கும் துணியாக்க ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கே கை நடுங்கியது.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகவே பேசினார். பணம் ஐந்து நாளில் திரும்ப வரும் என்றார், வந்தது. வேறு நிறத்தில் மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டார். நிறம் அல்ல குறை, இந்தப் பொருளையே விற்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். அதைப் பதிந்துகொள்ள அவரிடம் இடமே இல்லை போலிருக்கிறது. "பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே அப்புறப்படுத்திவிடுங்கள்" என்றார்.

எங்கே அப்புறப்படுத்துவது? குப்பைத் தொட்டியிலா? இரண்டு நாள் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்துவிட்டு, பீஜியின் பேரனுக்குப் போன் செய்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "ஆன்ட்டி, அந்த விற்பனைப் பக்கம் தளத்தில் இன்னும் இருக்கிறதா? விற்பவர் பெயரோடு படம் எடுத்து வையுங்கள்" என்றான். இது அவர்களுக்குப் பழகிப்போன வேலை என்பது அப்போதுதான் புரிந்தது.

2018 டிசம்பரில் அமேசான் தளத்தில் பொற்கோயில் படத்துடன் கால்மிதிகளும் கழிப்பறை இருக்கை உறைகளும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் சீக் கொயலிஷன் என்ற சீக்கியர் உரிமை அமைப்பு நீக்கச் சொல்லி எழுதியது. உலகெங்கும் சீக்கியர்கள் குரல் கொடுத்த பிறகு அவை நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் தலைப்பாகையின் முறை. இத்தாலிய ஆடை நிறுவனமான குச்சி (Gucci) 2018இல் மிலான் ஃபேஷன் மேடையில் சீக்கியரல்லாத மாடல்களின் தலையில் வைத்துக் காட்டிய தலைப்பாகையை அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடை 790 டாலருக்கு விற்றது. தொப்பிபோல எடுத்து மாட்டிக்கொள்ளலாம். எதிர்ப்பு எழுந்ததும் நார்ட்ஸ்ட்ராம் மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தியது.

அந்த 790 டாலர் ஏன் அவ்வளவு வலித்தது என்பது பேரன் தலைப்பாகை கட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். காலையில் ஐந்தாறு மீட்டர் துணியின் ஒரு முனையை அவனும் மறுமுனையைத் தங்கையும் பிடித்து, இழுத்து நீளவாக்கில் மடிப்பார்கள். அதற்குப் பூனி என்று பெயர். பிறகு ஒவ்வொரு மடிப்பாகத் தலையில் ஏற்றுவான். கழற்றும்போதும் தொப்பியைப்போல வீசுவதில்லை. தலைப்பாகை கட்டியிருந்தார் என்பதற்காகவே 2001 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் உயிரைக் கொடுத்துத் தாங்கியதை இன்னொருவர் ஒரு பருவத்துக்கு அணியும் அலங்காரமாக விற்றால் வலிக்காதா?

ஞாயிற்றுக்கிழமை பீஜியே பேரனுடன் வந்துவிட்டார். கால்மிதியை மேசைமேல் துணி விரித்து வைத்தார்கள். பேரன் சவர பிளேடால் ஓரத்தைக் கீறி, மேல்துணியை ரப்பரிலிருந்து விரல் விரலாக உரித்தான். பசை விடாமல் இழுத்தது. துணி கிழிந்துவிடக் கூடாது என்று பீஜி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், பூனி பிடிப்பதைப்போலவே. முக்கால் மணி நேரம் ஆனது. உரித்த துணியைச் சுத்தமான ருமால் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "குருத்வாராவில் கொடுத்துவிடுகிறேன், நீ கவலைப்படாதே பேட்டா" என்றார். ரப்பர் மட்டும் குப்பைக்குப் போனது.

கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பீர்கள். ஒன்றுக்குக் குறைவாகக் கொடுக்க அந்தத் தளம் விடவில்லை. பணத்தை உடனே திருப்பியதை மதிக்கிறேன், ஆனால் நான் கேட்டது பணம் அல்ல. நானும் பேரனும் அவன் நண்பர்களும் தனித்தனியாகப் புகார் அனுப்பினோம். அடிப்பக்கத்து ரப்பரையும் தைத்திருந்த துணித்துண்டையும் படமெடுத்து இணைத்தோம். பதினோராம் நாள் அந்த விற்பனைப் பக்கம் தளத்திலிருந்து நீங்கியது. நேற்று அதே படம், அதே நடைபாலம், குளியலறை விரிப்பாக வேறொரு விற்பனையாளர் பெயரில் வந்திருக்கிறது. இன்று காலை புகார் அனுப்பிவிட்டேன். நீங்கள் பார்த்தாலும் அனுப்புங்கள், விற்பவர் பெயர் தெரியும்படி படமெடுத்து.

பீஜியின் வீட்டுக்குப் பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.