ஐபிஎஸ் என்று சொல்லி டிஎன் மானிட்டரைத் தலையில் கட்டுகிறார்கள், கவனம்

கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். தை முகூர்த்த வேலைக்காக ஊரிலேயே ஒரு கடையில் மானிட்டர் வாங்கினேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல்தான் (திரைதான்) வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “எல்லாமே இப்ப ஐபிஎஸ்தான் சார்” என்று பதில் வந்தது. வந்திறங்கியது டிஎன், பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறிவிடும் வகை.

ஆல்பம் பார்க்க ஒருவர் வருவதில்லை, குடும்பமே வரும். பெண்ணின் அம்மா நேரே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் திருபுவனம் பட்டு அரக்கு நிறமாகவே தெரிந்தது. பின்னால் நின்ற சித்திக்கு அதே புடவை வெளிறிப்போய்த் தெரிந்தது. தரையில் உட்கார்ந்திருந்த வாண்டு, மாப்பிள்ளை முகம் பேய் மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். “புடவைக் கலரை மாத்திட்டீங்களா தம்பி?” என்று என்னைக் கேட்டார்கள். மாடல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்தது.

கடைக்காரர் அசரவில்லை. “பெட்டியிலயே 170 டிகிரி, கான்ட்ராஸ்ட் ஒரு கோடிக்கு ஒன்னுன்னு போட்டிருக்கே சார்!” இந்த இரண்டு எண்களும்தான் ஏமாற்று வேலை. 170 டிகிரி என்பது பார்க்கும் கோணம். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 10:1 ஆகக் குறையும் கோணம் வரைக்கும் ‘தெரிகிறது’ என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் நிறம் என்ன ஆனாலும் கேள்வி இல்லை. கோடிக் கணக்கு டைனமிக் கான்ட்ராஸ்ட். இருட்டுக் காட்சியில் பின்விளக்கை மங்க வைத்துக் காட்டும் வித்தை. ஒரே படத்தில் கிடைக்கும் உண்மையான கான்ட்ராஸ்ட் டிஎன், ஐபிஎஸ் இரண்டிலும் பொதுவாக 1000:1 அளவுதான். விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் 3000:1 வரும், கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். இருட்டறையில் படம் பார்க்க அதுதான் சரி. ஆனால் பக்கவாட்டில் அதுவும் வெளிறும். நாலு பேர் சுற்றி நின்று நிறம் பார்க்கும் வேலைக்கு ஐபிஎஸ்தான்.

‘எல்இடி மானிட்டர்’ என்பது பின்விளக்கை மட்டும் சொல்வது. என் பில்லிலும் அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். அதைக் காட்டியே மாற்றித் தர மறுத்தார்கள். முழு மாடல் நம்பரும் பேனல் வகையும் பில்லில் ஏறின பிறகு பணம் கொடுங்கள். கடையிலேயே ஒரு முகப் படத்தைத் திறந்து, கீழே குனிந்து அண்ணாந்து பாருங்கள். நிறம் நெகட்டிவ் மாதிரி தலைகீழானால் அது டிஎன்.

வாட்ஸ்அப் பதிலை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அப்புறம்தான் கடையிலிருந்து போன் வந்தது: மேலே கொஞ்சம் பணம் போட்டால் மாற்றித் தருவார்களாம்.