ஒத்தக்கடைப் பக்கம் ஃபிளாட் பார்க்கிறவர்கள், போகிற சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள்

மதுரையில் ஒத்தக்கடை, திருமோகூர் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கட்டடத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. சுவர், தண்ணீர், லிஃப்ட் எல்லாம் சரி. எங்களை ஏமாற்றியது வழி விஷயத்தில்.

உயர் நீதிமன்றக் கிளை 5 நிமிடம், வேளாண் கல்லூரி 5 நிமிடம், மாட்டுத்தாவணி 15 நிமிடம், வாசலில் 30 அடிச் சாலை, கூடவே மெட்ரோ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். திருமங்கலம் - ஒத்தக்கடை மெட்ரோ என்று ஒரு திட்டம் போட்டது உண்மை, ஆனால் ஒரு தூண்கூட எழும்பவில்லை, அதைக் காட்டியே சதுர அடிக்கு விலை ஏற்றினார்கள். என் மனைவிக்கு வேளாண் கல்லூரியில் வேலை. அந்த 5 நிமிடத்துக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்தோம்.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே அந்த 30 அடிச் சாலையின் குறுக்கே கல் ஊன்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார் பக்கத்து நிலத்துக்காரர். சண்டை போடத்தான் போனோம். "அண்ணே, இது எங்கப்பா பேர்ல இருக்கிற நெலம்ணே. கட்டடம் முடியிற வரைக்கும் லாரி போய்க்கிறோம்னு கேட்டாய்ங்க, விட்டோம்" என்று பட்டாவையே எடுத்துக் காட்டினார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

இப்போது கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் எல்லோரும் வெளியே வருகிறோம். மழை பெய்தால் சேறு, இரவில் விளக்கு கிடையாது, பள்ளி வேன் உள்ளே வராது, ஆட்டோக்காரர்கள் கூடுதலாகக் கேட்கிறார்கள். எங்கள் மாடியில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி ஆம்புலன்ஸ் கரை முனையிலேயே நின்றுவிட, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். அதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. நிறுவனத்தில் கேட்டதற்கு, "சார், அதெல்லாம் உத்தேச நேரம்தான், கீழே ஸ்டார் குறி போட்டிருக்கோமே" என்கிறார்கள். சாலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதனால், விற்கிறவர் காட்டும் மேப்பை நம்பாதீர்கள். மெயின் ரோட்டிலிருந்து கட்டடம் வரை வழி போகிற ஒவ்வொரு சர்வே எண்ணையும் எழுதி வாங்கி, அரசின் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்ற அரசுக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் எல்லை வரைபடம்) மூன்றையும் பாருங்கள். வண்டிப்பாதை, அரசுப் புறம்போக்கு என்று வந்தால் நல்லது. தனியார் பட்டா என்று வந்தால், ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா, வழிப்பாத்தியம், அதாவது அந்த நிலத்தின் வழியாகப் போய்வரும் உரிமை, பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் பணம். விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டம் சொல்கிறது, எங்களிடம் அதற்கு முன்பே 20 கேட்டார்கள்.

அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம், விலகிக்கொள்வதானால் போட்ட பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். நாங்கள் சேர்ந்து புகார் கொடுக்கிறோம். அதற்கு அந்த விளம்பரத் தாள்தான் ஆதாரம், கையில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பக்கத்திலேயே இரண்டாவது கட்டடத்துக்கு இப்போது முன்பதிவு நடக்கிறது, அதிலும் வேலி போட்ட இதே சாலையைத்தான் வாசல் வழி என்று காட்டுகிறார்கள்.