47,600 ரூபாய்க்கு "புது" டயர், பின்னாடி ரெண்டும் 2019-ல செஞ்சது

கோபத்துல எழுதறேன், முன்னாடியே சொல்லிடறேன். ஆன்லைன்ல டயருக்குப் பணம் கட்டி, அவங்க கைகாட்டற கடையில போய் மாட்டிக்கற ஏற்பாடு ஒண்ணு இருக்கே, அதுல 47,600 ரூபாய் போட்டு ஏமாத்தப்பட்டு உட்கார்ந்திருக்கேன். வேகமான வண்டிக்கு டயர் எவ்வளவு நாள் வரும், அடுத்தது எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு எல்லாம் விவரமா எழுதத்தான் ஆரம்பிக்கறேன். எவ்வளவு எழுத முடியுதுன்னு பார்ப்போம்.

வண்டி ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ் ஜிடி கார், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழட்டற விசை, அத்தனையும் முன்சக்கரம் ரெண்டுக்கும்தான் போகுது. டயர் அளவு 205/55 ஆர்16. கோயம்புத்தூர்க்காரி, லீவு கிடைச்சா கோத்தகிரியோ வால்பாறையோ ஏறிடுவேன். வண்டியோட வந்த டயர்ல முன்னாடி ரெண்டும் 34,000 கிலோமீட்டர்லயே பட்டன் தேஞ்சு, பள்ளத்துக்குள்ள இருக்கற அந்தச் சின்ன ரப்பர் மேடு சமமா வந்துடுச்சு. அந்த மேடு 1.6 மில்லிமீட்டர். அதுக்குக் கீழ போனா நம்ம மோட்டார் வாகன விதிப்படி ரோட்டுலயே ஓட்டக்கூடாது.

வீட்ல எல்லாருக்கும் அதிர்ச்சி. "அப்பா வண்டி ஒரே செட்ல 60,000 ஓடுச்சே"ன்னு கேட்டாங்க. ஓடும், ஏன் ஓடாது? அது கெட்டி ரப்பர், சின்ன இன்ஜின், நேர் ரோடு. வளைவுல பிடிச்சு நிக்கற மாதிரி மெத்துனு செஞ்ச டயர் 25,000-லயே முடியறதும் உண்டு, 40,000 வர்றதும் உண்டு, ஓட்டறவங்க கால் எப்படியோ அப்படி. பல டயர்ல பக்கச் சுவர்ல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் இருக்கும். 500 போட்டது 300 போட்டதை விட அதிகம் உழைக்கணும்னு அர்த்தம். ஆனா அந்த நம்பரைப் போடறது டயர் செய்யற கம்பெனியேதான். அதனால ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிடலாமே தவிர, வேற வேற கம்பெனிக்கு நடுவுல வெச்சு அளக்க முடியாது.

எனக்கு மலையில மழைக்குப் பிடிமானம் வேணும், சீக்கிரம் தேஞ்சாலும் பரவாயில்லைன்னு முடிவு பண்ணித்தான் தேடினேன். உள்பக்கம் தண்ணி வெளியேற பெரிய பள்ளமும், வெளிப்பக்கம் வளைவுல தாங்கற கெட்டித் தோளுமா ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி இருக்கற டயர். இதை வேணுங்கற பக்கம் திருப்பி மாட்ட முடியாது. எது வெளிய வரணும்னு டயர்லயே "அவுட்சைடு"ன்னு அச்சடிச்சிருக்கும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

டயர் மட்டுமே விக்கற ஒரு இணையதளத்துல நாலும் சேர்த்து, மாட்டறது, பேலன்சிங், அலைன்மென்ட் உள்பட 47,600 ரூபாய். கடையில கேட்டதை விடக் கொஞ்சம் கம்மி. அள்ளிக் குடுக்கற தள்ளுபடி இல்ல, அதனாலதான் நம்பிக்கையே வந்துச்சு. பணம் கட்டறதுக்கு முன்னாடி சாட்ல எழுதியே கேட்டேன்: "எந்த வருஷம் தயாரிச்சது?" உடனே பதில்: "லேட்டஸ்ட் ஸ்டாக் மேம், எல்லாமே இந்த வருஷம்தான், கவலையே படாதீங்க." அதை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வெச்சிருக்கேன். "நீங்கதான் கேட்டிருக்கணும்"னு கமெண்ட்ல யாரும் வந்துடாதீங்க. கேட்டேன், எழுத்துல வாங்கினேன்.

மாட்டற கடை அவிநாசி ரோட்டுக்கு உள்ள தள்ளி ஒரு இடம். போனப்போ டயர் நாலும் பிரிச்சு, ஸ்டிக்கர் எல்லாம் கிழிச்சு, பாலிஷ் போட்டுப் பளபளன்னு நிக்குது. முன்னாடி மாட்டின ரெண்டுல தேதியைக் காட்டினாங்க, 2025. அதே வேகத்துல பின்னாடிக்கு ஓடிட்டாங்க. "இதையும் காட்டுப்பா"ன்னு கேட்டேன். அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டே, "அக்கா, முடியைத் தொட்டுப் பாருங்க, ஒண்ணுகூட உதிரல. புது டயருக்குத்தான் முடி இருக்கும்"னான். தொட்டுப் பார்த்தேன், முடி இருந்துச்சு. நானும் தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ ரிம்முல ஏத்தி, காத்தடிச்சு, போல்ட்டும் முறுக்கியாச்சு.

அந்த முடி விஷயத்தைச் சொல்லியே ஆகணும். அச்சுல ரப்பரை அழுத்தறப்போ காத்து வெளியேறற துவாரத்துல நுழையற ரப்பர்தான் அது. ரோட்டுல ஓடினா உதிரும். கோடவுன்ல ஏழு வருஷம் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும். ஓடாத டயர்னு சொல்லுமே ஒழிய, புது டயர்னு சொல்லாது. இப்போ யாராவது "முடியைப் பாருங்க"ன்னு சொன்னா அடிக்கலாம் போல இருக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு, மழையில மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ரோட்டுல ஏறிட்டு இருந்தேன். வேகம்னு சொல்ல ஒண்ணும் இல்ல, முன்னாடி ஒரு பஸ். ஒரு வளைவுல பின்பக்கம் சர்ருன்னு நழுவி, இஎஸ்சி (வண்டி சறுக்காம தானா பிரேக் போட்டு நேராக்கற எலக்ட்ரானிக்ஸ்) விளக்கு மினுக்கி, வண்டி தானா நேராச்சு. முன்சக்கரத்துல ஓடற வண்டியில வழக்கமா முன்பக்கம்தான் வெளிய தள்ளும், பின்பக்கம் வீசினா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். அந்த எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டியா இருந்திருந்தா இதை எழுத நான் இருந்திருப்பேனான்னு தெரியல. பக்கத்துல அம்மா வேற இருந்தாங்க.

இறங்கி வந்ததும் எங்க ஏரியாவுல வழக்கமா அலைன்மென்ட் பார்க்கற பெரியவர்கிட்ட விட்டேன். வண்டியைத் தூக்கினதும் கூப்பிட்டார். "அம்மிணி, இதை யாரு மாட்டினது? பின்னாடி ரெண்டும் உள்ளவெளி மாத்தி மாட்டியிருக்கானுங்க." வெளிய தெரியற பக்கத்துல "இன்சைடு"ன்னு எழுதியிருக்கு! டார்ச்சை உள்பக்கம் அடிச்சுக் காட்டினார். நாலு இலக்க நம்பர்: 1119. அதாவது 2019-ஆம் வருஷம் 11-ஆவது வாரம். ரெண்டு டயர்லயும் அதே நம்பர், மேட் இன் தாய்லாந்து. அந்த வாரமும் வருஷமும் பொதுவா ஒரு பக்கச் சுவர்லதான் முழுசா இருக்கும். அதை மறைக்கறதுக்காகவே திருப்பி மாட்டியிருக்காங்க. தண்ணி வெளியேற வேண்டிய பள்ளம் வெளிய, கெட்டித் தோள் உள்ள. முன் டயர்ல நகத்தை அழுத்தினா பதியுது, பின் டயர்ல வழுக்குது. பள்ளத்துக்குள்ள முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கு. ஓடாட்டியும் ரப்பர் கெட்டியாகும், காத்தும் வெயில் சூடும் போதும் அதுக்கு.

ஏன் 2019 சரக்கு இப்போ சுத்துதுன்னு பெரியவரே சொன்னார். 2020 ஜூன்ல டயர் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல போட்டுச்சு, லைசென்ஸ் இல்லாம கொண்டுவர முடியாது. அதுக்கு முன்னாடி வந்து விக்காம கிடந்தது எங்கெங்கயோ தேங்கியிருக்கு. ஒரகடத்துலயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் அரக்கோணத்துலயும் டயர் செஞ்சு தள்ளற மாநிலத்துல, எனக்கு வந்து சேர்ந்தது ஆறு வருஷத்துக்கு மேல கிடந்த தாய்லாந்து டயர்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் உச்சம். இணையதளத்துக்கு போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். "உங்கள் அனுபவத்திற்கு வருந்துகிறோம்"னு ஒரு மெசேஜ், அதுக்குக் கீழ அஞ்சு நட்சத்திர ரேட்டிங் கேட்டு ஒரு லிங்க். போன் பண்ணினா, "கோடவுன் டீமுக்கு எஸ்கலேட் பண்ணியிருக்கோம் மேம்." அடுத்த தடவை வேற ஒருத்தர்: "மாட்டின டயருக்கு ரிட்டர்ன் பாலிசி கிடையாது மேம்." மாட்டாம எப்படித் தெரியும்னு கேட்டேன். அதுக்குப் பதில் இல்ல. இன்னொருத்தர் ரொம்பப் பொறுமையா எனக்குப் பாடம் எடுத்தார்: "டயர் பத்து வருஷம் வரைக்கும் யூஸ் பண்ணலாம், கம்பெனிகளே சொல்லுது." சொல்லுதுதான். தயாரிச்ச தேதியில இருந்து பத்து வருஷம், அதுவும் கடைசி எல்லை, அஞ்சு வருஷம் ஓடினப்புறம் வருஷா வருஷம் செக் பண்ணணும்னும் சேர்த்துத்தான் சொல்லுது. அப்போ 47,600 ரூபாய் குடுத்து நான் வாங்கினது மிச்சம் மீதி வருஷத்தையா?

மாட்டின கடைக்காரர்: "நாங்க மாட்டிக் குடுக்கறது மட்டும்தான், சரக்கு அவங்க அனுப்பினது." இணையதளம்: "நாங்க மார்க்கெட்பிளேஸ், விக்கறவர் வேற." விக்கறவர் நம்பருக்கு அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். திருப்பி மாட்டினது யாருங்கன்னு கேட்டா கடைக்காரர், "மேடம், உங்களுக்கு இதெல்லாம் புரியாது, சார்கிட்ட போனைக் குடுங்க"ங்கறார். சார்க்கு லைசென்ஸே கிடையாது. கியர் எந்தப் பக்கம்னு கேட்டாலே யோசிப்பார். அவர்கிட்ட என்ன பேசப் போறீங்க?

கடைசியா வந்த சமாதானம் என்னன்னா, அடுத்த தடவை டயர் வாங்கினா 1,500 ரூபாய் கூப்பன். 47,600-க்கு 1,500. அதுவும் அவங்ககிட்டயே திரும்ப வாங்கினாத்தான். நான் வேண்டாம்னதும் என் புகாரை "தீர்க்கப்பட்டது"ன்னு போட்டு மூடிட்டாங்க.

இப்போ பின்னாடி ரெண்டையும் கழட்டி வீட்ல வெச்சிருக்கேன், அது சாட்சி, தூக்கிப் போட மாட்டேன். வேற ரெண்டு வாங்க மறுபடியும் செலவு. 47,600 அப்படியே கிடக்கு.

சரி, சொல்றதா இருந்ததைச் சொல்லிடறேன். டயர் ரிம்முல ஏறறதுக்கு முன்னாடி நாலுலயும் அந்த நாலு இலக்க நம்பரைப் பாருங்க, ரெண்டு பக்கமும் புரட்டிப் பாருங்க, போட்டோ எடுங்க. ஏத்திட்டா கதை முடிஞ்சுது, அதுக்குத்தான் அவ்வளவு அவசரப்படுத்தறாங்க. பில்லுல டயர் நம்பர் எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா வாங்காதீங்க. வண்டியை விட்டு நகராதீங்க, டீ அப்புறம் குடிக்கலாம். மாட்டினதும் நாலு சக்கரத்துலயும் "அவுட்சைடு" வெளிய தெரியுதான்னு பாருங்க. அளவு சரியா இருந்தா மட்டும் போதாது, அதுக்குப் பக்கத்துல 91வி, 94டபிள்யூன்னு இருக்கறதும் (நம்பர் தாங்கற எடைக்கு, எழுத்து தாங்கற வேகத்துக்கு) உங்க வண்டிக்குச் சொன்னதை விடக் குறையக் கூடாது. ரெண்டு டயர்தான் மாத்தறீங்கன்னா நல்லது ரெண்டும் பின்னாடிதான் போகணும், முன்சக்கர வண்டியா இருந்தாலும். அழுத்தம், ரொட்டேஷன் எல்லாம் எழுதணும்னு நினைச்சேன், இப்போ மனசு இல்ல.

ஏமாந்தவங்க 1915-க்குக் கூப்பிடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். ஆன்லைன்ல விக்கறவங்க புகாரை 48 மணி நேரத்துல ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்னு 2020 இ-காமர்ஸ் விதியிலயே இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல. நான் 1915-ல பதிஞ்சாச்சு, அடுத்தது ஆணையம்தான். கடை பேர், தளம் பேர் கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க, கேஸ் போடற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காங்க. இதே மாதிரி திருப்பி மாட்டின டயர் உங்க வண்டியிலயும் இருந்தா மட்டும் போட்டோவோட எழுதுங்க, சேர்த்துக் குடுக்கலாம்.