ஆய்வைச் சந்தைக்குக் கொண்டுபோகக் கற்றுத்தரும் ஆறு வாரக் குறும்படிப்பு: என் மதிப்பீடு

உணவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எவரும், முதல் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே இந்தப் படிப்பை முடித்துவிட வேண்டும். வழிகாட்டியாக இருக்கும் எனக்கு இதில் ஐயமே இல்லை. பல்கலைக்கழகத்தில் பிறந்த கண்டுபிடிப்பைக் காப்பதும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுப்பதும் எப்படி என்பதை ஆறு வாரம், மாலை நேர இணைய வகுப்புகளில் கற்றுத்தருகிறார்கள். கட்டணம் 3,500 ரூபாய். குறைகளையும் சொல்லப் போவதால் நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே போன்ற படிப்புகளைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. எதில் சேர்ந்தாலும் என்ன கேட்டுப் பெற வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவட்டும்.

முதல் வாரத்தைத் தவறவிட்டாலும் பெரிய நட்டமில்லை. காப்புரிமை, வணிகக்குறி, பதிப்புரிமை ஆகியவற்றின் வேறுபாடுகளை எந்த நூலகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

படிப்பு சூடு பிடிப்பது இரண்டாம் வாரத்தில். ஆசிரியர் காப்புரிமை முகவராகப் பல்லாண்டு பணியாற்றியவர். அமெரிக்க விஞ்ஞானிகள் கோஹன், போயர் இருவரின் கண்டுபிடிப்பைத் தேதி தேதியாகப் பலகையில் எழுதினார். ஓர் உயிரின் மரபணுவை வெட்டி இன்னொன்றில் ஒட்டும் முறையை அவர்கள் 1973 நவம்பரில் ஆய்விதழில் வெளியிட்டுவிட்டார்கள். காப்புரிமை பற்றிய நினைப்பே அவர்களுக்கு இல்லை. 1974 மே மாதம் நாளிதழ்ச் செய்தியைப் பார்த்த பிறகுதான் கோஹன் பணியாற்றிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உரிம அலுவலகத்தை நடத்திய நீல்ஸ் ரைமர்ஸ் கோஹனிடம் பேசினார். 1974 நவம்பரில், கட்டுரை வெளிவந்து ஓராண்டு நிறைவதற்குச் சில நாள்களே இருந்தபோது, விண்ணப்பம் போனது. வெளியிட்ட பிறகும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை அமெரிக்கச் சட்டத்தில் இருந்ததால் அங்கே உரிமை தப்பியது. வெளியாகிவிட்டது புதியதாகக் கருதப்படாது என்பதால், மற்ற நாடுகளில் கட்டுரை வெளியான நாளிலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது. அமெரிக்க உரிமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த நிறுவனத்துக்கும் தனியுரிமை (ஒருவருக்கு மட்டுமான உரிமம்) கொடுக்காமல், 468 நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிச் சுமார் 25.5 கோடி டாலர் ஈட்டினார்கள். ‘நீங்கள் இதையே இந்தியாவில் செய்திருந்தால்?’ என்று கேட்டுவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். இங்கே சலுகை மிகக் குறுகலானது. கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில நேர்வுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். வழக்கமான இதழ்க் கட்டுரை அதற்குள் அடங்காது.

அதனால்தான் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரித்துக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுக்கும் முதற்கட்ட ஆவணம், என்ற ஏற்பாட்டை அவர் அத்தனை அழுத்திச் சொன்னார். முதலில் அதைத் தாக்கல் செய்துவிட்டால் தேதி நமக்கு உறுதியாகிவிடும். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும், கட்டுரையையும் தாராளமாக அனுப்பலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை இருக்கிறது. பணமில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

என் துறைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்க வேண்டிய வகுப்பு மூன்றாவது வாரத்தில் வருகிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3(e) பிரிவு, தெரிந்த பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்களின் கூட்டுத்தொகையை மட்டுமே பெற்றால் அதைக் கண்டுபிடிப்பாக ஏற்காது. கேழ்வரகும் முருங்கைக்கீரைத் தூளும் கலந்த சத்துமாவில் இரும்புச்சத்து கூடியது என்று சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் தனியாகக் கொடுப்பதைக் கூட்டினால் வராத ஏதோ ஒன்று, சேரும்போது வருகிறது என்று காட்ட வேண்டும். அதற்குத் தனித்தனி மாதிரிகளின் அளவீடு தேவை. ஆய்வு முடிந்த பிறகு அந்த அளவீட்டை எங்கே தேடுவது? முதலாம் ஆண்டில் சோதனையைத் திட்டமிடும்போதே இந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும். எத்தனை ஆய்வேடுகள் இந்த ஒரு காரணத்தால் அலமாரியோடு நின்றுவிடுகின்றன என்று நினைக்கையில் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மஞ்சள் காப்புரிமையையும் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அதன் முதல் உரிமைக்கோரலை, அதாவது எதன்மீது உரிமை கேட்கப்படுகிறது என்று சொல்லும் வாசகத்தை, வாசிக்க வைத்தார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் கிடைத்த அமெரிக்க உரிமை அது. புண் ஆற நோயாளிக்கு மஞ்சள் தூள் கொடுப்பது என்பதுதான் அந்த வாசகத்தின் சாரம். இந்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். மறுஆய்வு கேட்டு, பழைய நூல்களையும் 1953இல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் முன்வைத்தது. 1997இல் கோரல்கள் நிராகரிக்கப்பட்டன. ஏற்கெனவே அச்சில் இருப்பதைத் தேடிப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நான்காம் வாரத்தின் உரிம ஒப்பந்தப் பயிற்சிக்காக மட்டுமே கட்டணத்தைக் கொடுக்கலாம். எங்களை இரு தரப்பாகப் பிரித்தார்கள். பச்சை நிறம் மாறாமல் கீரையை உலர்த்தும் கற்பனையான முறை ஒன்று பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. அதை வாங்க ஒரு நிறுவனம் வருகிறது. பல்கலைக்கழகத்தின் சார்பில் எங்கள் தரப்பு, விற்பனையில் மூன்று சதவீதத்தை ராயல்டியாக (உரிமத்துக்கான பங்குத்தொகை) கேட்டது. எதிர்த்தரப்பு உடனே ஒப்புக்கொண்டது. எங்களுக்கு மகிழ்ச்சி. அப்போது ஆசிரியர், ‘எந்த விற்பனையில் மூன்று?’ என்றார். நூறு ரூபாய்ப் பொட்டலத்தில் கடைக்காரர் லாபம், முகவர் கழிவு, வரி, சரக்குக் கட்டணம் எல்லாம் போய் 62 ரூபாய்தான் நிகர விற்பனை என்று ஒப்பந்தத்தில் வரையறுத்தால் நமக்குக் கிடைப்பது 1 ரூபாய் 86 பைசா. விலையின் மீது என்றால் 3 ரூபாய். சதவீதத்துக்காக மல்லுக்கட்டும் பேராசிரியர்கள் இந்த வரையறையைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள் என்றார். தனியுரிமை கேட்கும் நிறுவனத்திடம் ஆண்டுதோறும் குறைந்தபட்ச ராயல்டி கேட்க வேண்டும் என்பதும் அங்கே கற்றதே. இல்லாவிட்டால் போட்டியைத் தடுப்பதற்காகவே தொழில்நுட்பத்தை வாங்கிப் பூட்டி வைக்க இடமுண்டு.

இனிக் குறைகள். ஐந்தாம் வாரம் முழுவதையும் அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு பே-டோல் சட்டத்துக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பணத்தில் செய்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டம் அது. வரலாறாக அரை மணி நேரம் போதும். அதே வழியில் இந்தியாவில் 2008இல் வந்த மசோதா நிறைவேறாமல் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே இங்கே நிதி தந்த அமைப்பின் நிபந்தனைகளையும் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையையும்தான் பார்க்க வேண்டும். அவற்றை எப்படி வாசிப்பது என்று ஒரு வகுப்புகூட இல்லை.

பல்லுயிர்ச் சட்டத்தையும் தொடவே இல்லை. இந்திய உயிரியல் வளத்தைக் கொண்டு செய்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்பவர்கள் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. மூலிகை, சிறுதானியம், நுண்ணுயிர் என்று வேலை செய்பவர்கள் நிறைந்த வகுப்பில் இதை விட்டது பெரிய ஓட்டை.

என்னை மிகவும் உறுத்தியது மாணவர்களைப் பற்றிய மௌனம். வகுப்பில் பேராசிரியர்களும் பதிவாளர் அலுவலகத்தாரும்தான் இருந்தார்கள், பாடமும் அவர்களை நோக்கியே சென்றது. சட்டப்படி விண்ணப்பிக்கும் உரிமை உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கு, அல்லது அவர் எழுத்துமூலம் உரிமையை ஒப்படைத்தவருக்கு. சோதனைக்கூடத்தில் இரவு தங்கி அந்த முறையைக் கண்டறிந்தது ஆராய்ச்சி மாணவி என்றால் அவர் பெயர் விண்ணப்பத்தில் இருந்தே ஆக வேண்டும். உதவித்தொகை பெறும் மாணவி ஊழியர் அல்லர். அவர் என்ன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், ராயல்டியில் அவருக்கு என்ன பங்கு என்று நான் கேட்டேன். ‘நிறுவனக் கொள்கையைப் பாருங்கள், மேடம்’ என்ற ஒரே வரியில் பதில் முடிந்தது. அது போதாது. கண்டுபிடித்தவருக்கு அவருக்குரியதை மறுத்துவிட்டுத் தொழில்நுட்பப் பரிமாற்றம் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆறாம் வாரத் தேர்வு எளிது. சான்றிதழ் மின்னஞ்சலில் வருகிறது. சான்றிதழுக்காக மட்டும் சேர நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டணம் அதிகம். ஆய்வில் ஏதோ கையில் சிக்கியிருக்கிறது என்று தோன்றுபவர்கள் தயங்காமல் சேரலாம், கட்டுரையை மட்டும் அதுவரை அனுப்பாமல் வைத்திருங்கள். மாணவர்களின் உரிமைக்கும் பல்லுயிர்ச் சட்டத்துக்கும் தலா ஒரு வகுப்பு ஒதுக்கும்படி நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த அணியில் என் ஆய்வு மாணவிகள் இருவர் சேருகிறார்கள், கட்டணத்தில் பாதியைத் துறை தருகிறது.