நலங்கு உடைக்கு மூவாயிரம் போதும்: ஊரில் துணிக்கடை, தையல்கடை நிலவரம்

கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறவர்கள் முகூர்த்தப் புடவையை மாதக்கணக்கில் யோசித்து வாங்குகிறார்கள். நலங்குக்கு என்ன உடுத்துவது என்பது கடைசி வாரத்துக்குப் போய்விடுகிறது. இப்போது சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர்க் கல்யாணத்திலும் நலங்கோடு சேர்த்தோ அதற்குப் பதிலாகவோ ஹல்தி வைக்கிறார்கள். அதற்கென்று கண்ணாடி வேலை செய்த மஞ்சள் லெஹங்காவை வெளிநாட்டிலேயே டாலரில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. அந்தச் செலவு தேவையே இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் உடுத்தி, எண்ணெயும் மஞ்சளும் தண்ணீரும் பட்டு, பெரும்பாலும் இரண்டாம் முறை எடுக்காத உடை அது. ஓர் ஆளுக்குத் தையல் கூலியோடு சேர்த்து 3,000 ரூபாய்க்குள் அழகாகவே முடிக்கலாம். ஆனால் ஊரில் இறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். காசு பற்றாமல் போவதில்லை, நாள்தான் பற்றாமல் போகிறது.

முதலில் எந்தத் துணி என்பது. மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்க்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த மஞ்சள் துணியில் பட்டால் இழைக்குள் இறங்கிவிடும். பருத்தியும் பட்டும் அதை அப்படியே குடித்துக்கொள்ளும், துணிக்குச் சாயம் ஏற்றவே மஞ்சளைப் பயன்படுத்தியவர்கள்தானே நம் முன்னோர்கள். பாலியஸ்டர் ஜார்ஜெட் அவ்வளவு குடிக்காது, ஆனால் மொட்டை மாடியிலோ வாசல் பந்தலிலோ காலை பத்து மணி வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வியர்த்து ஒட்டும். பட்டு இந்த நிகழ்ச்சிக்கு வேண்டவே வேண்டாம். ஆகவே மணப்பெண்ணுக்கு எங்கள் முதல் தேர்வு மஞ்சள் நிறப் பருத்திப் புடவை. அதிலும் எலுமிச்சை மஞ்சளில் கறை திட்டுத் திட்டாகத் தெரியும், மாம்பழ மஞ்சளிலோ கடுகு மஞ்சளிலோ தெரியாது.

நிறத்தில் இன்னொரு விஷயம். மஞ்சள் பந்தல், சாமந்தித் தோரணம், சுற்றிலும் மஞ்சள் உடையில் சொந்தக்காரர்கள் என்று இருந்தால், நடுவில் மஞ்சளிலேயே உட்கார்ந்திருக்கும் மணப்பெண் படத்தில் தனியாகத் தெரியமாட்டாள். அலங்காரம் மஞ்சள் என்று முடிவாகிவிட்டால் மணப்பெண்ணுக்கு ராணி பிங்க் அல்லது கிளிப்பச்சை ஜாக்கெட், அதே நிறக் கரை வைத்த மஞ்சள் புடவை நன்றாக எடுக்கும். முழு வெள்ளை உடை படத்துக்கு அழகுதான். ஆனால் மங்கல காரியத்தில் மணப்பெண் வெள்ளை உடுத்துவது பல வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது. பாட்டியிடமும் அத்தையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியில் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றும் வழக்கம் உள்ள வீடு என்றால் துணியின் கனம் முக்கியம். கடையிலேயே புடவைக்கு அடியில் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். கைரேகை தெரிகிற துணி நனைந்தால் உடம்போடு ஒட்டி எல்லாம் தெரியும். உள்பாவாடை சாட்டின் வேண்டாம், அதே நிறத்தில் கெட்டியான காட்டன் உள்பாவாடை வாங்குங்கள். வேலைப்பாடு உள்ள துணி என்றால் கல்லை நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். பசையில் ஒட்டிய கல்லும், ஃபாயில் கண்ணாடியும் ஈரம் பட்டதும் உதிர ஆரம்பிக்கும். தைத்துவைத்த கண்ணாடி உதிராது, ஆனால் மஞ்சள் பூசுகிறவர்களின் கையைக் கீறும். கரையில் மட்டும் வேலைப்பாடு, உடல் வெறுமை, இதுதான் நலங்குக்குப் பொருத்தம்.

எங்கே வாங்குவது? சென்னையில் இருந்தால் தி.நகரும் பாரிமுனையும் போதும். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குபவர்களுக்கு 2023இல் திறந்த ஆகாய நடைபாதை தி.நகர் பேருந்து நிலையம் வரை போகிறது, ரங்கநாதன் தெரு நெரிசலில் பைகளோடு முட்டி மோத வேண்டியதில்லை. பெரிய கடைகளில் மாடிக்கு மாடி விலை மாறும். சாதாரணக் காட்டன் புடவை எந்த மாடி என்று வாசலிலேயே கேளுங்கள். கேட்காமல் நின்றால் ‘வாங்க மேடம், கல்யாணமா?’ என்று நேராகப் பட்டு மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். புடவையை எடுத்தவுடன் கையில் கிடைக்காது. விற்பனையாளர் தரும் சீட்டைக் கொண்டுபோய்ப் பணம் கட்டி, அந்த பில்லைக் காட்டி டெலிவரி கவுண்டரில் வாங்க வேண்டும். கவுண்டரை விட்டு நகரும் முன் பையைப் பிரித்து, உள்ளே இருப்பது நீங்கள் எடுத்த புடவைதானா, ஜாக்கெட் துணி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொண்டுவந்து மாற்றுவதற்கான நாளும் நேரமும் பில்லிலேயே அச்சாகியிருக்கும், சனி ஞாயிறில் மாற்றித் தராத கடைகள் உண்டு.

தைத்த உடை வாங்குபவர்கள் வரியைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2,600 ரூபாய் குர்த்தா செட்டுக்கும் 2,450 ரூபாய் செட்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் விலைச்சீட்டில் தெரிவதைவிட அதிகம். காட்டும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அத்தை பெண், சித்தி பெண் என்று பத்துப் பேருக்கு ஒரே நிறத்தில் வேண்டுமென்றால் பாரிமுனை கோடவுன் தெருதான் சரி. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். மீட்டர் கணக்கில் வாங்கலாம், ஒரு முழுத் தான் (வெட்டாத முழுத் துணிச் சுருள்) எடுத்தால் விலை இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். எல்லோருக்கும் வேண்டிய துணியை ஒரே நாளில், ஒரே தானிலிருந்து வெட்டி வாங்கிவிடுங்கள். பிறகு வந்து வாங்கினால் சாயம் ஒரு மாற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். கடை விளக்கில் தெரியாது, வெயிலில் வரிசையாக நின்றால் பளிச்சென்று தெரியும். 44 அங்குல அகலத் துணியில் ஜாக்கெட்டுக்கு 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர், குர்த்தாவுக்கு இரண்டரை மீட்டர், நீளப் பாவாடைக்கு மூன்றிலிருந்து நான்கு மீட்டர், தாவணிக்கு இரண்டரை மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உயரமானவர்களுக்கும் கொசுவம் நிறைய வேண்டுபவர்களுக்கும் அரை மீட்டர் கூட.

மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு நாங்கள் மனதாரச் சொல்வது சுங்குடிப் புடவை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. மஞ்சளில் சிவப்புக் கரை, பச்சைக் கரை எல்லாம் கிடைக்கும், பருத்தி, வெயிலுக்கு இதம், படத்திலும் நம் ஊர் என்று தெரியும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் மெல்லப் புடைத்திருக்கும். அச்சடித்த சுங்குடி தட்டையாக இருக்கும், விலையும் குறைவு, நலங்குக்கு அதுவே போதும். எதுவானாலும் முதல் தடவை கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசிவிட்டுத்தான் கட்ட வேண்டும். சிவப்புக் கரை மஞ்சளில் இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்துக்குள் தையல்காரர்களைத் தேடி இப்போது போகாதீர்கள், அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சேலம் வழி போனால் இளம்பிள்ளையில் குறைந்த விலைப் புடவைகளை நெய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்கலாம். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். தீபாவளியை ஒட்டி வருபவர்கள் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடியையும் பார்த்துவிடுங்கள்.

இனி தையல். எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

வெளிநாட்டுக் கோடை விடுமுறையில் வருபவர்கள் ஆடி மாதத்தில் இறங்குகிறார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, கடைகளில் தள்ளுபடி, தையல்காரரும் ஓரளவு ஓய்வாக இருப்பார். ஆகஸ்ட் பாதியில் ஆவணி பிறந்ததும் எல்லா வீட்டு ஜாக்கெட்டும் ஒரே வாரத்தில் அவர் மேசையில் விழும். டிசம்பரில் வருபவர்கள் நிலை இன்னும் இறுக்கம். மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் பொங்கல் துணியும் தை முகூர்த்தத் துணியும் சேர்ந்து வரும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே, தை முகூர்த்தத்துக்கு மார்கழி முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டால் கூலியும் குறைவு, வேலையும் நிதானமாக இருக்கும். அவசரம் என்று சொன்ன நிமிடத்தில் கூலி ஒன்றரை மடங்காகும்.

தெருமுனைத் தையல்கடையில் லைனிங் வைத்த சாதாரண ஜாக்கெட்டுக்கு 400லிருந்து 800 ரூபாய் வரை கேட்கிறார்கள். பொட்டிக் என்று பலகை வைத்த இடத்தில் அதே வேலைக்கு இரண்டு மூன்று மடங்கு. நலங்கு ஜாக்கெட்டுக்குத் தெருமுனைக் கடையே போதும், ஆனால் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘மாஸ்டர், லைனிங்கை நனைச்சுக் காயவெச்சு அப்புறம் வெட்டுங்க’ என்பது முதல் விஷயம். நனைக்காத காட்டன் லைனிங் மஞ்சள் தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் சுருங்கி, மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இரண்டாவது, ஹூக் முன்பக்கம். பின்பக்க ஹூக்கும் முடிச்சுக் கயிறும் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஈரமும் மஞ்சளுமாகக் குளியலறைக்குள் போகும் பெண்ணால் தனியாக அவிழ்க்க முடியாது. தலைவழியாகக் கழற்றும் குர்த்தாவும் வேண்டாம் என்பது இதனால்தான். கழுத்திலும் தோளிலும் உள்ள மஞ்சள் முழுவதும் முகத்திலும் முடியிலும் இழுபடும். மூன்றாவது, கை முழங்கைக்கு மேலேயே நிற்க வேண்டும். மஞ்சள் பூசுவது கன்னம், கை, கால் பாதம். நீளக் கை வைத்தால் ஒவ்வொருவருக்கும் சுருட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

அளவு ஜாக்கெட் கொடுப்பவர்கள் இப்போது பொருந்துவதைக் கொடுங்கள். தையல்காரர் அதன் குறையையும் சேர்த்தே நகல் எடுப்பார். தோள் இறங்குகிறது, அக்குள் பிடிக்கிறது என்றால் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இரு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொன்னால் விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகும் பிரித்துச் சரிசெய்யலாம். தேதியைப் பொறுத்தவரை, நலங்குக்கு மூன்று நாள் முந்தைய தேதியையே ‘விசேஷ நாள்’ என்று சொல்லுங்கள். ‘நாளைக்கு வாங்கக்கா, காஜா மட்டும்தான் பாக்கி’ என்பதை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும், அதற்கு இடம் வேண்டும். மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒட்டுப்போட உதவும்.

நாளே இல்லை என்ற நிலையில் இழுபடும் ரெடிமேட் ஜாக்கெட் இருக்கிறது. லைக்ரா கலந்த பருத்தியில், எல்லா நிறத்திலும், தி.நகர் நடைபாதைக் கடைகளிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நலங்குக்கு அதைப் போடுவதில் எந்தக் குறையும் இல்லை. புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பது சின்ன வேலை, காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்கும். கொசுவம் முன்கூட்டியே மடித்து இஸ்திரி போட்டுப் பெட்டி மடிப்பாகத் தரும் சேவை இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கிறது. புடவை கட்டிப் பழகாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

வாடகை லெஹங்கா மட்டும் நலங்குக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ரிசப்ஷனுக்கு எடுக்கலாம். முன்பணத்தைத் திருப்பித் தரும் நேரத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தாலே பிடித்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மாப்பிள்ளைக்கும் பையன்களுக்கும் செலவே குறைவு. நாலு முழ வேட்டி, பனியனோ மஞ்சள் காட்டன் அரைக்கை குர்த்தாவோ போதும். வெல்க்ரோ ஒட்டு வேட்டி சிறுவர்களுக்கு வசதி, ஆனால் நனைந்து கனத்தால் இடுப்பிலிருந்து இறங்கும், மேலே ஒரு பெல்ட் கட்டிவிடுங்கள். பூ நகையை நிஜப் பூவில் செய்வதென்றால் அன்று காலையில் கைக்கு வர வேண்டும் என்று சொல்லி ஆர்டர் கொடுங்கள், முந்தின இரவே வந்த மல்லிகை பழுத்துப் போயிருக்கும்.

பணம் கட்டும் விஷயம்: தையல்கடை, பூக்காரர், ஓரம் அடிக்கும் கடை எல்லாம் யூபிஐ அல்லது ரொக்கம்தான், வெளிநாட்டு அட்டை அங்கே செல்லாது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. அல்லது என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அமீரகம் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் முன்பே வங்கியில் கேட்டுச் செயல்படுத்திவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் உடையை மூலையில் சுருட்டிப் போடாதீர்கள். காய்வதற்கு முன் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புப் போட்டவுடன் மஞ்சள் இடமெல்லாம் சிவப்பாக மாறும், பதற வேண்டாம். சோப்பின் காரம் மஞ்சளைச் சிவக்கச் செய்கிறது, சுண்ணாம்பு சேர்த்து மஞ்சளைக் குங்குமமாக்குவதும் இதே காரணத்தால்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். வெந்நீரும் இஸ்திரியும் கறை போகும்வரை கிட்டவே வரக் கூடாது. ஈரத்தோடு நேர் வெயிலில் கறை மேலாக இருக்கும்படி விரித்துப் போடுங்கள். குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும், இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் பட்டால் பாதிக்கு மேல் வெளுத்துவிடும். சாயப் புடவை என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், கறையோடு புடவை நிறமும் மங்கக்கூடும். பெட்டியில் வைக்கும்போது முழுக்கக் காய்ந்திருந்தாலும் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, முகூர்த்தப் பட்டுக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். வெளிநாட்டு வீட்டில் துவைக்கும் முதல் இரண்டு முறை தனியாகவும் குளிர்ந்த நீரிலும் துவைத்து, டிரையரில் போடாமல் ஜன்னலோர வெளிச்சத்தில் காயவிடுங்கள்.